பிறந்த திகதியும் பக்கத்துக் கதிரையும்

எங்கள் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நால்வருக்கும் வணக்கம்.

ஓய்வு பெற்றுப் போகிறவன் வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று பணிப்பாளர் அம்மா கேட்டிருந்தார். நான் போய் மூன்று மாதமாகிறது, இப்போதுதான் எழுதுகிறேன். வேலையில் இருந்தபோதும் ஆள் இப்படித்தான் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்.

பிரெஞ்சைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் இங்கே பிறந்தவர்கள். நான் இந்த நகரத்தில் முப்பத்தெட்டு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். இன்றைக்கும் மூலைக்கடையில் பால் வாங்கப் போய் "பொன்ஜூர்" என்றால் கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். ஊரிலிருந்து வந்திறங்குகிற எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்புவதையும் கணினி உங்களுக்குச் சொல்லித் தரும். நான் சொல்ல வந்தது கதிரைகளைப் பற்றி.

அதற்கு முன் எனக்கு இந்த வேலையைப் பழக்கியவரைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம். ஊரில் தபால் அதிபராக இருந்தவர், நல்ல மனிதர், மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருவார். அவர் எனக்குத் தந்த முதல் புத்திமதி இது.

"தம்பி, ஒரு கட்டத்தையும் வெறுமையா விடாதையும். வெறும் கட்டத்தைக் கண்டால் அவங்களுக்குச் சந்தேகம் வரும். தெரியாட்டி எதையாவது எழுதும். எழுதினதுதான் உண்மை."

அவர் எனக்குப் பத்துப் பதினைந்து புத்திமதிகள் தந்திருப்பார். அதில் இது ஒன்றுதான் பிழை. நான் ஒழுங்காகக் கடைப்பிடித்ததும் இது ஒன்றைத்தான்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே மட்டக்களப்பிலிருந்து ஒருவர் வந்தார். வெயிலில் கறுத்து, மெலிந்து, கைகளெல்லாம் காய்த்துப்போய் இருந்தார். தொழில் என்னவென்று கேட்டேன். மனிதர் பதில் சொல்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன துயரமோ என்று நானும் மீண்டும் கேட்கவில்லை. கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாதே! கைகளைப் பார்த்தேன், "விவசாயி" என்று எழுதினேன். அந்த நேரம் நான் நிறையத் துப்பறியும் கதைகள் வாசித்துக்கொண்டிருந்தேன். கோடை முடிகிற நேரம் அவர் ஒரு பை நிறைய அப்பிள்களோடு திரும்பி வந்தார். என் புண்ணியத்தில் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். "தம்பி, நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிச்சனான்," என்றார். "ஆனால் பழம் நல்ல ருசி." வரும் வழியில் காட்டில் ஒளிந்திருந்த நாலு மாதத்தில் காய்த்த கைகளாம் அவை.

அவரும் நானும் அந்தக் கதையைச் சொல்லிப் பல வருடம் சிரித்திருக்கிறோம். இனிச் சொல்லப்போவதில் அப்படிச் சிரித்து முடிக்க முடியவில்லை.

அப்போது எங்கள் கந்தோர் ஒரு சலவைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. ஒரு மேசை, மூன்று கதிரை. ஒன்று எனக்கு, ஒன்று வந்தவருக்கு, மூன்றாவது வந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்கு. எங்கள் ஆட்கள் ஒரு கந்தோருக்கும் தனியே போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குக் குடும்பத்தில் ஒருவர் போனாலும் போதும், படிவம் நிரப்ப மட்டும் துணை வேண்டும். துணைக்கு வருகிறவர் சும்மா இருப்பதும் இல்லை.

அப்படி ஒருநாள் வந்தவர் யோகம் அக்கா. ஒரு கிழமைக்கு முதல்தான் வந்து இறங்கியவர், கையில் ஒரு பத்திரமும் இல்லை. பக்கத்துக் கதிரையில் அவருடைய தமையன். நான் வழக்கம்போல் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் கேட்டுவிட்டுப் பிறந்த திகதியைக் கேட்டேன்.

அக்கா ஒரு வருடத்தைச் சொன்னார்.

தமையன் இருமினார்.

அக்கா வேறொரு வருடத்தைச் சொன்னார்.

நான் பேனையைத் தூக்கிக்கொண்டு இருவரையும் பார்த்தேன். தமையன் சிரித்த முகத்தோடு சொன்னார்: "சாதகத்தில இருக்கிறதைப் போடும் தம்பி. நேற்றுத்தான் மாப்பிள்ளை பகுதி பொருத்தம் பாத்து ஓம் எண்டவை. பிறகு கடுதாசியில வேற ஒண்டு இருந்தால் நல்லாயிருக்காது."

எனக்கு இருபத்திரண்டு வயது. வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். இரண்டாவதாகச் சொன்னதை எழுதினேன். முதலாவது என்னவென்று என் மண்டையில் ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை. அக்கா குனிந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தங்கியிருக்கிறது. எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் வேறு. ஒரு பெண்ணின் வயதைக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன், இதற்காக எந்தப் பெண் என்னைக் கோபிப்பாள்? பெண்களைப் பற்றி அந்த வயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு கல்யாணம் செய்து, இரண்டு மகள்களை வளர்த்து, அதிலும் பாதியை மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை செல்வரத்தினம் அண்ணை. பாண் பேக்கரியில் வேலை. கல்யாணத்துக்கு நானும் போனேன். அண்ணைக்கு இருபத்தேழு, பெண்ணுக்கு இருபத்துமூன்று, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒன்பதாவது பொருத்தத்தை எழுதிக் கொடுத்தவன் நான் என்ற நினைப்பில் இரண்டு பந்தி சாப்பிட்டேன்.

இனி முப்பத்தெட்டு வருடத்தைத் தாண்டிவிடுகிறேன். நடுவில் நடந்ததெல்லாம் படிவங்கள்.

ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது யோகம் அக்கா வந்தார். தனியே வந்தார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாக, மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"என்னைத் தெரியுதோ தம்பி?"

"தெரியாமல் என்ன? உங்கடை கலியாணத்தில ரெண்டு பந்தி சாப்பிட்டவனெல்லே."

"அந்தச் சாப்பாட்டுக்கு இப்ப ஒரு வேலை செய்து தாரும். இவர் போன மாசம் அறுபத்தஞ்சு முடிச்சு, பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில இருக்கிறார். எனக்கு இன்னும் நாலு வருஷமாம்."

"ஓம் அக்கா, உங்களுக்கு அறுபத்தொண்டுதானே."

"கடுதாசிக்கு அறுபத்தொண்டு."

"உண்மையில?"

சாத்திய கதவை இன்னொருமுறை திரும்பிப் பார்த்தார். "அறுபத்தாறு. ஐஞ்சு குறைச்சுப் போட்டது."

அக்காவுக்கு வேலை சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில். ஓடுகிற பட்டியில் வரும் போத்தல்களுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு மணித்தியாலம் நின்ற நிலையில். இரண்டு முழங்காலும் போய்விட்டன. கதிரை ஒன்று போட்டுத் தரும்படி புதிய மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார்.

"அந்தப் பெடியன் கம்பியூட்டரில என்ரை வயசைப் பாத்திட்டுச் சொல்லுறான், 'மதாம், அறுபத்தொண்டுதானே, என்ரை அம்மாவுக்கும் அறுபத்தொண்டு, அவ பனிச்சறுக்குப் போறா' எண்டு. அறுபத்தொண்டு நிக்கும் தம்பி. அறுபத்தாறுதான் விழப்பாக்குது. இன்னும் நாலு வருஷம் என்னால நிக்க ஏலாது. கட்டத்தைத் திருத்தித் தாரும்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திருத்தலாம், ஆனால் லேசில்லை. பிறப்புப் பதிவின் பிரதியைக் கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும். பிழை எப்படி வந்தது என்று விளக்கி எழுத வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பியவர் உயிரோடு இருந்து, பிழையாக எழுதினேன் என்று ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் பலமாக இருக்கும். இதையெல்லாம் நிரப்பியவர் யாரோ மூன்றாம் மனிதர் போலத்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

"நிரப்பினவர் நீர்தானே," என்றார் அக்கா.

"ஓம்... நான்தான். யோசிச்சுச் சொல்லட்டோ?" என்றேன்.

என்ன யோசனை என்று கேட்கிறீர்களா? எனக்குப் பிரியாவிடை நாளில் தருவதற்கு ஒரு கேடயம் செய்யக் கொடுத்திருந்தார்கள். பணிப்பாளர் அம்மா வாசகத்தை என்னிடமே காட்டிச் சரிபார்த்திருந்தார்: "முப்பத்தெட்டு வருடப் பிழையற்ற சேவைக்காக." எழுத்துப் பிழை ஏதும் இல்லை என்று நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு பெண் நான்கு வருடம் நிற்பதா, ஒரு பலகையில் நாலு சொல் நிற்பதா என்பதுதான் கேள்வி. அதற்கு எனக்கு யோசிக்க நேரம் தேவைப்பட்டது.

"இன்னொண்டு அக்கா," என்றேன். "அண்ணையின்ரை பென்சன் படிவத்திலும் உங்கடை பிறந்த திகதி இருக்கு. அதையும் மாத்த வேணும். அவருக்கும் சொல்ல வேணும்."

அதை நிரப்பியதும் நான்தான். அதே பிழையான திகதியை இரண்டாம் தரமும் எழுதியிருந்தேன்.

அக்கா உடனே எழும்பிவிட்டார். "அவருக்குச் சொல்லேலாது. முப்பத்தெட்டு வருஷம் எனக்கு மூத்தவரா இருந்திட்டார். இப்ப இறங்கச் சொன்னால் விழுந்திடுவார்."

இது நடந்து மூன்று கிழமை கழித்து முதியோர் சங்கம் என்னைப் பேசக் கூப்பிட்டது. சனிக்கிழமை பின்னேரம், சென்ட் லோரன்டில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபம். தலைப்பைச் செல்வரத்தினம் அண்ணைதான் கொடுத்தாராம். லண்டனில் இருக்கும் அவருடைய தங்கச்சி, பெண்களுக்கு அறுபதில் கிடைத்த பென்சனை ஆண்களின் வயதுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று போனில் அழுதிருக்கிறார். ஆகவே தலைப்பு: பெண்களுக்கு ஓய்வூதிய வயதைக் கூட்டியது நியாயமா?

பேச்சு எப்படியும் இரண்டாம் பட்சம். முன்வரிசைகளில் ஆண்கள். பின்னால் சுவரோரம் பெண்கள் நின்றபடி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, பருத்தித்துறை வடைப் பெட்டிகளைத் திறந்துகொண்டு இருந்தார்கள். நடுவே பெரிய தேத்தண்ணிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் யோகம் அக்கா. அன்றைக்குத் தொழிற்சாலை இல்லாத நாள். அன்றும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

நான் பொதுவாகச் சொன்னேன். இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது, அறுபத்தைந்து. ஒருமுறை எல்லோருக்கும் அறுபத்தேழு ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். அடுத்து வந்த அரசாங்கம் அதைக் கைவிட்டது. ஒரே வயது என்பது பார்வைக்கு நியாயமாக இருக்கும், ஆனால் எல்லோரும் அந்த வயதுக்கு ஒரே பாதையால் வருவதில்லை. இப்படி ஒரு பக்கமும் சாயாமல், கேடயம் வாங்கப் போகிறவன் பேசுகிற மாதிரிப் பேசினேன்.

செல்வரத்தினம் அண்ணை எழும்பினார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு மினுமினுப்பு வந்திருந்தது.

"தம்பி சொல்றது சரி. ஆனால் நான் ஒண்டு கேக்கிறன். பொம்பிளையள் எங்களைவிடக் கனகாலம் உயிரோடை இருக்கினம். அப்ப பென்சனும் கனகாலம் எடுக்கினம். பிந்தித் தொடங்கினால் என்ன குறை? இவையளுக்கு அறுபத்தெட்டு எழுபது எண்டு வைச்சாலும் நியாயம்தான்!"

முன்வரிசையில் கைதட்டல். பின்வரிசையில் ஒரு தட்டு விழுந்தது.

"அது எங்கடை பிழையோ?" என்றார் வடைப் பெட்டியோடு நின்ற ஒரு அம்மா. "நீங்கள் கொழுப்பைத் திண்டு வேளைக்கே கண்ணை மூடுறதுக்கு நாங்கள் நிண்டு வேலை செய்யவோ?"

"பகிடி விடாதையுங்கோ, நான் கணக்குச் சொல்றன்," என்றார் அண்ணை. "என்ரை வீட்டையே பாருங்கோ. இவ அறுபத்தொண்டு. என்னைவிட நாலு வயசு இளமை. எனக்கு முடியேல்லை, நான் வீட்டில இருக்கிறன். இவ இளம் ஆள், வேலைக்குப் போறா. எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லை. என்னப்பா, இருக்கோ?"

எல்லோரும் திரும்பினார்கள். அக்காவின் கையில் ஒரு கோப்பை, பாத்திரத்தின் குழாய் திறந்திருந்தது. கோப்பை நிரம்பி வழிந்து மேசையில் ஓடும் வரைக்கும் அவர் குழாயை மூடவில்லை.

"இருக்கு," என்றார். "நான் உங்களுக்கு மூப்பு."

"என்ன?"

"மூப்பு. எனக்கு அறுபத்தாறு. என்ரை அண்ணை குறைச்சுச் சொல்லிக் கட்டிவைச்சவர். இந்தா முன்னுக்கு நிக்கிற தம்பிதான் எழுதினவர்."

மண்டபத்தில் எண்பது பேர். எண்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல பேச்சாளர்களுக்குக்கூட அப்படி ஒரு கவனம் கிடைத்திருக்காது.

அண்ணை கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவ விளையாடுறாவோ? நீர் சொல்லும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும், அதனால் சொல்கிறேன். தப்பிக்க எனக்கு ஒரு நல்ல வழி இருந்தது. கந்தோருக்கு வருகிறவர்களின் விஷயம் இரகசியம், பொது இடத்தில் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட, நம் தொழிலின் முதல் விதி. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது: அந்த விதி இருப்பது அக்காவைக் காப்பாற்ற, நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அல்ல. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"ஓம் அண்ணை," என்றேன். "அவ முதல் சரியாத்தான் சொன்னவ. இருமலைக் கேட்டு மாத்தி எழுதினது நான்."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். கோபிப்பார், அழுவார், எழும்பிப் போவார் என்று எல்லாவற்றுக்கும் நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்:

"அப்ப உம்மடை நட்சத்திரம் என்ன?"

"அது வேறை," என்றார் அக்கா.

"அப்ப ஏழரைச் சனி எண்டு நான் ஏழரை வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிச்சது ஆருக்கு?"

முன்வரிசையில் ஒருவர் அடக்கமாட்டாமல் வெடித்துச் சிரித்தார், அதோடு மண்டபமே போய்விட்டது. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் தன் மனைவிக்கென்று யாரோ ஒரு தெரியாத பெண்ணின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்திருக்கிறார் மனிதர். கடவுளும் எங்களைப் போலத்தான், கட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் பார்க்கிறார். வடைப் பெட்டி அம்மா விடவில்லை. "செல்வரத்தினம், நீர்தானே இப்ப இளம் ஆள். நாளைக்கு வேலைக்கு நீர் போம், அக்கா வீட்டில இருக்கட்டும்!" அண்ணையும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு எழும்பிப் போனார், தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு. தேத்தண்ணிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து, "இரும்," என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "இருங்கோ," என்றார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்து நானும் ஒரு வடையை எடுத்தேன். இந்த வேலையில் நான் செய்த பிழைகள் எல்லாம், முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு செய்தவைதான்.

என் கடைசிக் கிழமையில் கணவனும் மனைவியும் ஒன்றாகக் கந்தோருக்கு வந்தார்கள். கொழும்பில் இருக்கும் அக்காவின் பெறாமகள் பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்து அனுப்பியிருந்தாள். அது ஒட்டிய உறையோடு அக்காவின் கைப்பையில் இருந்தது. என்னுடைய சத்தியக் கடதாசி தயார். பணிப்பாளர் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கேடயத்தின் வாசகத்தையும் மாற்றச் சொல்லியிருந்தேன். "பிழையற்ற" என்பதை எடுத்துவிட்டார்கள். இப்போது "முப்பத்தெட்டு வருட சேவைக்காக" என்று மட்டும் இருக்கிறது. நடுவில் ஒரு இடைவெளி, விழுந்த பல் மாதிரி.

திருத்தப் படிவத்தை மேசையில் விரித்தேன். அக்கா முன் கதிரையில் இருந்தார். அண்ணை பக்கத்துக் கதிரையில்.

"அக்கா, பிறந்த திகதி?"

அக்கா வாயைத் திறக்க முதல் அண்ணை மேசைக்குக் குறுக்கே சாய்ந்தார். இருமவில்லை, அவ்வளவுதான்.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். பென்சனுக்கு அறுபத்தஞ்சு காணும்தானே?"

"காணும், அது போதும்."

"அப்ப ஏன் அறுபத்தாறு? ஒண்டைக் குறைச்சு அறுபத்தஞ்சு எண்டு போடுமன். அவவுக்குப் பென்சன் வரும். எனக்கும் அவவுக்கும் ஒரே வயசாயும் இருக்கும். சங்கத்தில பகிடி பண்ணிக் கொல்லுறாங்கள் தம்பி. ஆருக்கு நட்டம்?"

நல்ல மனிதர். அவர் கேட்டதில் ஒரு வஞ்சகமும் இல்லை. முப்பத்தெட்டு வருடத்துக்கு முதல் தமையன் கேட்டதிலும் இருந்திருக்காது. அதே மேசைக்கு அதே பக்கத்தில் இருந்துகொண்டு, அதே குரலில், ஆருக்கு நட்டம் என்று கேட்கிறார்கள். நட்டப்படுகிறவர் இருவருக்கும் நடுவில் இருந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அக்காவைப் பார்த்தேன். விரல்கள் வீங்கி, மூட்டுக்கள் தடித்துப்போய் இருந்தன.

"அண்ணை," என்றேன், "வெளியில கோப்பி மெசின் இருக்கு. எனக்கு ஒண்டு எடுத்துக்கொண்டு வாறியளே?"

"இப்பவோ?"

"இப்ப. உங்களுக்கும் ஒண்டு குடிச்சிட்டு வாங்கோ."

போனார். கதவைச் சாத்தினேன். பக்கத்துக் கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தேன். படிவத்தையும் பேனையையும் அக்காவின் பக்கம் தள்ளிவிட்டேன்.

"நான் இனி எழுதமாட்டன். நீங்களே எழுதுங்கோ. என்ன எழுதினாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அக்கா பேனையை எடுத்தார். அதைப் பிடிக்கவே அவருக்குச் சிரமமாக இருந்தது. நாளை எழுதினார், மாதத்தை எழுதினார், வருடத்துக்கு வந்து நின்றார். பிறகு கைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்துக் கிழித்து, பிரதியை விரித்து வைத்து, அதைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக எழுதினார். படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

நான் இரண்டு தரம் கழித்துப் பார்த்தேன். கணிதத்தில் நான் மட்டக்களப்பு வாத்தியார் இல்லை, என்றாலும் இவ்வளவு கழிக்கத் தெரியும்.

"அக்கா, இது அறுபத்தேழெல்லோ?"

"ஓம்."

"என்னிட்டை அறுபத்தாறு எண்டு சொன்னியள். மண்டபத்திலும் அறுபத்தாறு எண்டுதானே..."

"உம்மட்டைச் சொல்லேக்க ஒண்டைக் குறைச்சுத்தான் சொன்னனான்." அக்கா சிரித்தார், பதினேழு வயதுப் பிள்ளை பிடிபட்டதுபோல. "வெக்கமா இருந்தது தம்பி. நீரும் ஒரு ஆம்பிளைதானே, முன்னுக்கு இருந்துகொண்டு வாயைப் பாக்கிறீர். சொன்னதைத்தானே பிறகு மண்டபத்திலும் சொல்ல வேணும்."

ஒரு அரசாங்கம் அறுபத்தேழு என்று அறிவித்தது, அடுத்தது அதைக் கைவிட்டது. யோகம் அக்காவை ஒருவரும் அறிவிக்காமலே அறுபத்தேழு வரைக்கும் நிறுத்திவிட்டோம். அதற்கு ஒரு சட்டமும் தேவைப்படவில்லை. ஒரு தமையனின் இருமலும் என் பேனையும் போதுமாக இருந்தன.

திருத்தப் படிவத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. வரும்போது உங்கள் நால்வரில் ஒருவர்தான் அதைப் பிரிப்பீர்கள், முதலில் அக்காவுக்குச் சொல்லுங்கள், பிறகு எனக்கு. அதுவரை மருத்துவரின் கடிதத்தைக் காட்டி அவருக்கு ஒரு கதிரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பனிச்சறுக்கு அம்மாவின் மகன்தான் அதைக் கொண்டுவந்து வைத்தானாம். செல்வரத்தினம் அண்ணை காலையில் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, பஸ் வரும்வரை கூட நிற்கிறார். அறுபத்தேழு என்று இன்னும் அவருக்குத் தெரியுமோ தெரியாது. நான் கேட்கவில்லை.

நானோ இல்-பிசார் தீவில் மகளின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்து இதை எழுதுகிறேன். அறுபதிலேயே ஓய்வெடுத்துவிட்டேன். என் மனைவி இன்னும் புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போகிறாள், காலையில் கார் புறப்படும்போது ஜன்னலில் நின்று கைகாட்டுகிறேன். நியாயத்தைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு தகுதி என்று இதிலிருந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று அவளிடம் கேட்டேன், நீ எப்போது நிற்கப்போகிறாய் என்று. தன் பக்கத்துக் கதிரையில் இருந்த என்னைப் பார்த்து, "நீங்கள் எழும்பிப் போனால் யோசிச்சுச் சொல்றன்," என்றாள்.

ஆகவே பிள்ளைகளே, ஒரு பெண்ணிடம் வயது கேட்கும்போது பக்கத்துக் கதிரையை வெளியே வைத்துவிடுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், சந்தேகம் வருகிறவர்களுக்கு வரட்டும். நான் அண்ணையை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, அந்தக் கதிரையைச் சுவரோரம் வைத்துவிட்டு, இனி ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தேன். அந்த அறையில் இன்னொரு கதிரை இருந்தது. அதில் நான் இருந்தேன்.